மழையில் நின்ற வண்டி: ஓடவைத்தது புதுக் காயிலா, மறுநாள் வெயிலா?

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சென்னையின் மெக்கானிக் கடைகளில் காலையிலேயே வண்டிகள் வரிசை கட்டிவிடும். ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்யும் இந்த ஊரில், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. வரும் புகார்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். முந்தின இரவு தேங்கிய தண்ணீரில் வண்டி முக்கியது, முனகியது, நின்றுவிட்டது. செல்ஃப் எடுக்கவில்லை, கிக்கரை உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். வீடுவரை தள்ளிக்கொண்டு போய் நிறுத்தி, மறுநாள் மழை விட்டபிறகு கடைக்குக் கொண்டுவருகிறார்கள். மெக்கானிக் பிளக்கைக் கழற்றுகிறார், திருப்பிப் பார்க்கிறார், "காயில் போச்சு சார்" என்கிறார். உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டிலிருந்து புதுக் காயில் வருகிறது. மாட்டியதும் ஒரே உதையில் வண்டி கிளம்புகிறது. எல்லோருக்கும் திருப்தி. இரண்டு வாரம் கழித்து வங்கக் கடலில் இன்னொரு தாழ்வு மண்டலம் உருவாகிறது. அதே வண்டி அதேபோல் நிற்கிறது. இந்த முறை பொறியைக் கட்டுப்படுத்தும் பெட்டியின்மேல், "சிடிஐ போச்சு" என்று தீர்ப்பாகிறது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. புதுக் காயில் மாட்டப்பட்டதும் வண்டி ஓடியதும் அடுத்தடுத்து நடந்தன என்பது உண்மை. ஆனால் அதற்கு நடுவே வேறு இரண்டு காரியங்களும் நடந்திருக்கின்றன. அவற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முதலாவது, வண்டி காய்ந்துவிட்டது. இரவு முழுக்க நின்றதில் பாதி, காலை வெயிலில் மீதி. இரண்டாவது, காயிலை மாற்றும்போது அதன் ஒயர்களைப் பிடுங்கி, மறுபடி செருகியிருக்கிறார்கள். அப்படிச் செருகும்போது பித்தளை முனைகள் ஒன்றோடொன்று உரசி, மேலே படிந்திருந்த அழுக்கைத் தாமே சுரண்டிக்கொள்கின்றன. ஆக, வண்டி ஓடியதற்கு மூன்று காரணங்கள் இருக்க முடியும். பில்லில் ஏறுவது ஒன்று மட்டும். பழைய காயிலையே கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டியிருந்தாலும் அன்றைக்கு வண்டி ஓடியிருக்குமா என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. பெரும்பாலான சமயங்களில் ஓடியிருக்கும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். மழைக்காலக் கோளாறின் இருப்பிடம் அநேகமாக உதிரிபாகத்துக்குள் இல்லை. ஒரு பாகத்தை இன்னொன்றோடு சேர்க்கும் இணைப்பில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க உகந்த நேரம் வண்டி நனைந்திருக்கும் நேரமே ஒழிய, காய்ந்தபிறகு அல்ல.

இதை ஏற்க, தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தண்ணீர் பட்டாலே "ஷார்ட்" ஆகிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. 12 வோல்ட் வண்டியில் அது அவ்வளவு எளிதாக நடப்பதில்லை. இரண்டு முனைகளுக்கு நடுவே படிந்த ஈரத்தின் மின்தடை 10,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், அதன் வழியே கசியும் மின்சாரம் ஒரு மில்லி ஆம்பியரைச் சற்றே தாண்டும். ஹார்னுக்கோ ஹெட்லைட்டுக்கோ அது ஒரு பொருட்டே இல்லை. அடைமழையில் நனைந்தபடியே விளக்கு எரிகிறது, இண்டிகேட்டர் மின்னுகிறது. ஈரம்தான் எமன் என்றால் முதலில் அணைய வேண்டியவை அவை. தண்ணீர் கெடுதல் செய்வது இரண்டு வழிகளில், இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. உயர் அழுத்தப் பக்கத்தில் அது இல்லாத பாதையை உண்டாக்கி மின்சாரத்தைத் திசைதிருப்புகிறது. தாழ் அழுத்தப் பக்கத்தில் இருக்கும் பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து அடைக்கிறது. முன்னது நிமிடத்தில் நடப்பது. பின்னதற்கு மாதக்கணக்கில் ஆகும். இரண்டுக்கும் ஒரே மருந்தாக "பார்ட் மாத்திடலாம்" என்று சொல்வதில்தான் பணம் விரயமாகிறது.

உயர் அழுத்தப் பக்கம் என்பது காயிலிலிருந்து பிளக் வரை. அங்கே ஓடுவது 12 வோல்ட் அல்ல, 20,000 வோல்ட் அளவிலான துடிப்பு. அந்த அழுத்தத்துக்கு ஈரமும் அழுக்கும் கலந்த ஒரு மெல்லிய படலமே போதும். பிளக்கின் முனை இடைவெளியைத் தாண்டிச் சிலிண்டருக்குள் பொறியாக வேண்டியது, பிளக் கேப்பின் ரப்பர் ஓரமாக வழிந்து நேராக எஞ்சின் உலோகத்தில் இறங்கிவிடும். கடைக்காரர்கள் "எர்த் அடிக்குது" என்று சொல்வது இதைத்தான். பிளக்கைக் கழற்றி அதன் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மேலிருந்து கீழாகப் பென்சிலால் கீறியது போல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால், மின்சாரம் அந்த வழியாகப் பலமுறை இறங்கியிருக்கிறது என்று பொருள். ஒருமுறை அந்தக் கரித்தடம் விழுந்துவிட்டால் அடுத்த முறை அவ்வளவு ஈரம்கூடத் தேவைப்படாது. தண்ணீர் அங்கே எப்படிச் சேர்ந்தது என்று பார்த்தால், பல எஞ்சின்களில் விடை சிலிண்டர் தலையிலேயே இருக்கும். பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் விழும் நீர் வெளியேற ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். சேறும் பூச்சியும் அடைத்துக்கொண்டால் அந்தக் குழி ஒரு குட்டிக் கிணறு. மெல்லிய கம்பியால் அந்தத் துளையைக் குத்தி விடுவதற்கு ஆகும் செலவு பூஜ்யம். பிளக் கேப் தளர்ந்திருந்தால் அதைத் திருகிக் கழற்றி, கறுத்துப்போன ஒயர் நுனியில் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகலாம். பல கேப்களுக்குள் 5,000 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். மல்டிமீட்டர் அங்கே எல்லையற்ற தடையைக் காட்டினால் கேப்பை மாற்றுவது நியாயம். மாற்ற வேண்டியது கேப்பை, காயிலை அல்ல.

தாழ் அழுத்தப் பக்கம்தான் உண்மையில் பெரிய கதை. பேட்டரி, ஃபியூஸ், சாவி, ரிலே, ஸ்விட்சுகள், இவற்றையெல்லாம் இணைக்கும் ஒயரிங் கிட், அதன் நடுநடுவே வரும் கப்ளர்கள். டேங்கைக் கழற்றினால் கழுத்துப் பகுதியில் கொத்தாகத் தொங்கும் கப்ளர்களில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். புது வண்டியில் பொன் நிறத்தில் மின்னும் பித்தளை முனைகள் மங்கிப் பழுப்பாகியிருக்கும். இரண்டு மழைக்காலம் பார்த்த வண்டியென்றால் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். ஒயரின் நுனியில் இன்சுலேஷனைக் கொஞ்சம் உரித்தால், செம்பு இழைகள் உள்ளேயும் கறுத்திருப்பது தெரியும். இழைகளுக்கு நடுவிலான இடைவெளி தண்ணீரை உறிஞ்சி ஏற்றிக்கொள்வதால் வரும் வினை அது. சாவி போட்ட நிலையில் ஈரமான கப்ளருக்குள் மின்சாரம் ஓடும்போது, பாசிட்டிவ் பக்கத்து உலோகம் கரைந்து சீக்கிரம் அரிபடுகிறது. சென்னைக்கு இதில் இன்னொரு துரதிருஷ்டம், கடற்காற்றின் உப்பு. மழைநீர் காய்ந்து போகும்; அது விட்டுச்செல்லும் உப்பு போகாது. அடுத்த ஈரத்தை அது காற்றிலிருந்தே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் "காய்ந்தால் சரியாகிவிடும்" என்று விட்ட வண்டி, ஒவ்வொரு முறையும் முன்பைவிடக் குறைந்த மழைக்கே நிற்கத் தொடங்குகிறது.

களிம்பு என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் போதும். செல்ஃப் மோட்டார் 50 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியின் நெகட்டிவ் ஒயர் சேஸியில் திருகப்பட்டிருக்கும் இடத்தில் துரு காரணமாக 0.1 ஓம் தடை கூடியிருக்கிறது. ஐம்பதைப் பத்தில் ஒன்றால் பெருக்கினால் ஐந்து. அந்தத் திருகாணியிலேயே 5 வோல்ட் செத்துவிடும். மோட்டாருக்குக் கிடைப்பது ஏழு சொச்சம். "டக்" என்று ஒரு ரிலே சத்தம், அவ்வளவுதான். பேட்டரியை அளந்தால் ஒழுங்காக 12.6 வோல்ட் காட்டும். ஆனாலும் பேட்டரிக்கே பழி விழும், புதுப் பேட்டரி வரும். புதுப் பேட்டரி கொஞ்சம் கூடுதல் வேகத்தோடு அதே துருவை முட்டித் தள்ளிக்கொண்டு சில வாரம் ஓடும். இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை எஞ்சின் உலோகத்திலும் வைத்து, செல்ஃப் பட்டனை அழுத்திப் பார்த்தால் போதும். மீட்டர் ஒரு வோல்ட்டில் பத்தில் சில பங்குக்குள் நின்றால் எர்த் நன்றாயிருக்கிறது. அதைத் தாண்டி ஏறினால் எர்த் திருகாணியைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கி இறுக்குங்கள். இந்தச் சோதனையில் முக்கியம், சுமை ஓடும்போது அளப்பது. சும்மா நிற்கும் வண்டியில் எந்தக் களிம்பும் மீட்டரின் கண்ணில் படாது.

குற்றம் மழையின்மேல் மட்டும் இல்லை என்பதற்கு மே மாதமே சாட்சி. கத்திரி வெயிலில் "வாட்டர் சர்வீஸ்" செய்து வந்த வண்டி மறுநாள் மிஸ்ஃபயர் அடிப்பதைப் பார்க்காத மெக்கானிக் இருக்க மாட்டார். வானத்திலிருந்து விழும் நீர் போகாத இடத்துக்கெல்லாம் அழுத்தத்தோடு பீய்ச்சிய நீர் போகிறது. ஐ.பி.67 என்று தரம் போட்ட பாகம்கூட ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் அசையாமல் மூழ்கியிருப்பதற்கே சோதிக்கப்படுகிறது. பீய்ச்சும் நீருக்கு அந்த எண் உறுதி தருவதில்லை. இன்னொரு வழியும் உண்டு. ஓடிச் சூடேறிய வண்டி திடீரெனக் குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கும்போது, ரப்பர் சீல் போட்ட கப்ளருக்குள் இருக்கும் சூடான காற்று சுருங்குகிறது. அந்த வெற்றிடம் சுற்றியிருக்கும் நீரை உள்ளே இழுக்கிறது. உள்ளே போன நீருக்கு வெளியே வர வழி இல்லை. மழைக்குப் பயந்து சிலர் கப்ளர் முழுக்க இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி வைப்பார்கள். எஞ்சின் சூட்டில் பசை இளகி, டேப் வாய் பிளந்து, தண்ணீரைப் பிடித்து வைக்கும் பையாக மாறுகிறது. அதைவிட மோசம் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங். ஏர் ஹார்னுக்கும் ஃபாக் லைட்டுக்கும் நடு ஒயரை உரித்து, இன்னொரு ஒயரை முறுக்கி, டேப் போட்டு விட்டிருப்பார்கள். மழையில் நிற்கும் வண்டியில் முதலில் தேட வேண்டிய இடம், தயாரிப்பாளர் போடாத ஒயர்தான்.

அப்படியென்றால் நனைந்து நின்ற வண்டியை என்ன செய்வது? அவசரப்பட்டுத் துடைக்காமல் முதலில் கவனிக்க வேண்டும். சாவியைப் போட்டால் நியூட்ரல் விளக்கு எரிகிறதா? எதுவுமே எரியவில்லை என்றால் மெயின் ஃபியூஸ், சாவி, பேட்டரி முனை. காயில் பக்கமே போக வேண்டாம். விளக்கு எரிந்து, இஞ்செக்ஷன் வண்டியில் சாவி போட்டதும் கேட்கும் பெட்ரோல் பம்பின் இரண்டு விநாடி ரீங்காரம் கேட்கவில்லை என்றால், கில் ஸ்விட்சும் அதன் பின்னால் உள்ள ரிலேயும் சந்தேகத்துக்குரியவை. வண்டி ஸ்டார்ட் ஆகி, ஸ்டாண்டை எடுத்துக் கியர் போட்டதும் அல்லது பள்ளத்தில் விழுந்ததும் அணைகிறதென்றால் சைடு ஸ்டாண்டு ஸ்விட்ச். சாலைச் சேறு நேரே தெறிக்கும் இடத்தில்தான் அதை வைத்திருக்கிறார்கள், என்ன கணக்கோ. வண்டி நின்றுவிடாமல், ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது மட்டும் விட்டுவிட்டு இருமினால், உயர் அழுத்தப் பக்கம். இருட்டில் நிறுத்தி, பூவுக்குத் தெளிக்கும் பாட்டிலால் பிளக் கேப்பின்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால் நீலப் பொறி எங்கே கசிகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். கை மட்டும் தள்ளியே இருக்கட்டும். காய்ந்த வண்டியிலும் இதே தெளிப்பான் உதவும். ஒவ்வொரு இடமாக நனைத்துக்கொண்டே வந்து, எங்கே நனைத்தால் கோளாறு திரும்புகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். கோளாறை வரவழைத்துக் காட்ட முடியாதவர் அதைச் சரிசெய்துவிட்டேன் என்று சொன்னால் எப்படி நம்புவது?

இதற்கு முதல் ஆட்சேபம் புது வண்டிக்காரர்களிடமிருந்து வரும். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 வந்தபிறகு புதிதாக விற்பனையாகும் மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் அநேகமாக மறைந்துவிட்டது. சென்சார்களும் அவற்றைப் படிக்கும் ஈசியூ என்ற கணினியும் உள்ள வண்டியில் உப்புத்தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஸ்கேனரை மாட்டினால் அதுவே எந்தப் பாகம் பழுது என்று சொல்லிவிடாதா என்பார்கள். உண்மையில் இஞ்செக்ஷன் வண்டி இந்த வாதத்துக்கு இன்னும் வலு சேர்க்கிறது. சென்சார்கள் பெரும்பாலும் 5 வோல்ட்டில், மிகச் சிறிய மின்னோட்டத்தில் பேசுகின்றன. ஹெட்லைட் கண்டுகொள்ளாத கசிவும் களிம்பும் அவற்றின் பேச்சை மாற்றிவிடும். ஸ்கேனர் காட்டும் குறியீடும் பல சமயம் பாகத்தைக் குறிப்பதில்லை. கூலன்ட் உள்ள வண்டியில் பி0118 என்று வந்தால், வெப்பநிலை சென்சாரின் சர்க்யூட்டில் அழுத்தம் அளவுக்கு மேல் ஏறியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். கப்ளர் கழன்றாலோ உள்ளே முனை அரிபட்டுத் தொடர்பு அறுந்தாலோ அப்படித்தான் காட்டும். அதைப் படித்துவிட்டுச் சென்சாரை வாங்குவது, கதவு திறக்கவில்லை என்று சாவித்துவாரத்தைப் பார்க்காமலே கதவை மாற்றுவதற்குச் சமம். மின் ஸ்கூட்டருக்கு மாறினால் இந்தத் தொல்லை ஒழியும் என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்: அதிலும் கப்ளர் இருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபத்தில் நியாயம் அதிகம். பாகங்கள் உண்மையிலேயே பழுதாவதும் உண்டு. காயிலின் மேலோடு வெடித்து உள்ளே ஈரம் புகலாம். ரெகுலேட்டர் கெட்டு, எஞ்சின் வேகமெடுத்த நிலையில் 13.5 முதல் 14.5 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டிய சார்ஜிங் எங்கோ போகலாம். ஆனால் அதைச் சொல்லும் முன் ரெகுலேட்டருக்கு வரும் மூன்று மஞ்சள் ஒயர்களின் கப்ளர் கருகியிருக்கிறதா என்று பார்ப்பது உத்தமம். வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த வண்டி வேறு வகை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இருக்கை உயரத்துக்கு நீரில் நின்ற வண்டிகளுக்கு இந்தத் துடைக்கும் வைத்தியம் போதாது. அவற்றில் சாவி போடுவதே தவறு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும், எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும். முதலில் பேட்டரியைக் கழற்றி, பிளக்கைக் கழற்றி, எண்ணெயை வடித்த பிறகுதான் மற்றது. மழையில் நின்றதெல்லாம் மின்கோளாறு என்பதும் இல்லை. பெட்ரோலில் கலக்கும் எத்தனால் தண்ணீரை உறிஞ்சும். அளவு மிஞ்சினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் வடித்து அசையாமல் வைத்தால் நடுவே ஒரு கோடு தெரியும். நனைந்த ஏர் ஃபில்டரும் வண்டியை இருமவைக்கும். இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்டபின்னும் வாதம் நிற்கிறது: பாகம் பழுது என்று சொல்பவர் அதை நிரூபிக்கட்டும். பழைய காயிலை மறுபடி மாட்டித் தண்ணீர் தெளித்து, கோளாறு திரும்புகிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் ஆகுமா?

ஆகாது. ஆனாலும் ஏன் நடப்பதில்லை என்றால், அதற்குப் பில் போட முடியாது. இதுதான் மூன்றாவது ஆட்சேபம், மெக்கானிக்குகளின் ஆட்சேபம். ஒரு மணி நேரம் குனிந்து களிம்பைத் தேடித் துடைத்தால், "சும்மா துடைச்சதுக்கு இவ்வளவா அண்ணே?" என்று கேட்கிறார்கள், காயில் மாற்றினால் கேள்வி கேட்காமல் கொடுக்கிறார்கள். வாசலில் பத்து வண்டி காத்திருக்கும்போது எதைச் செய்வது லாபம் என்று சொல்லத் தேவையில்லை. ஆக, இந்தப் பழக்கத்தில் வாடிக்கையாளருக்கும் பாதிப் பங்கு. நாம் பணம் கொடுப்பது பொருளுக்கு. தேடிய மூளைக்குக் கொடுப்பதில்லை. மின் உதிரிபாகங்களை மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் பொதுவாகக் கிடையாது என்பதால், தவறான ஊகத்தின் செலவும் நம் தலையில்தான் விழுகிறது. தேடுவதற்கென்று தனியாக ஒரு கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது. இரண்டு காயிலின் விலையைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.

மருந்து என்ற பெயரில் விற்கும் டப்பாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1953-இல் அமெரிக்காவில் உருவான டபிள்யூடி-40 பெயரிலேயே சொல்கிறது, தண்ணீரை விரட்டுவதற்கான நாற்பதாவது கலவை என்று. விரட்டும், நின்ற வண்டியைக் கிளப்பும், ஆனால் நாட்பட்ட காவலுக்கு அது சரிப்படாது. அதற்குரியது சிலிக்கான் வகை டைஎலெக்ட்ரிக் கிரீஸ். அது மின்சாரத்தைக் கடத்துவதற்கு அல்ல, ஈரத்தைத் தள்ளி வைப்பதற்கு. களிம்பைச் சுரண்டியபிறகு கப்ளரின் ரப்பரிலும் பிளக் கேப்பின் உள் ஓரத்திலும் மெல்லப் பூசினால் போதும். களிம்பின்மேலேயே அப்பினால் களிம்பு பத்திரமாக இருக்கும். பேட்டரி முனைக்கு வேஸ்லின் தாராளமாகப் போதும். இதையெல்லாம் செய்ய வேண்டிய மாதம் செப்டம்பர்.

அப்புறம், மாற்றிய காயிலையோ சிடிஐயையோ கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். கேட்டு வாங்கித் துணியில் சுற்றிச் சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள். புதுக் காயிலோடும் அடுத்த மழையில் வண்டி நின்றால், அந்தப் பழையது அநேகமாக நல்ல காயில்தான்.